லாகரிதம் எந்த மாதம் வருகிறது?

மகளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவான வாரமே ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி வந்துவிட்டேன். ஏன் வீட்டில் என்பது தனிக் கதை, அது இங்கே வேண்டாம். நான்கு ஆண்டுக்கு நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒன்பது பாடம், பாடத்துக்கு ஒரு நிறம். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதி, கூடத்துச் சுவரில் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்த இரண்டு பேர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் மகள் அதைக் கழற்றி, பின்பக்கம் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒன்பது பாடம், பாடத்துக்கு ஒரு மணி, ஆக 9. படித்ததை எழுதிப் பார்க்க 3. தூக்கம் 8. சாப்பாடு, குளியல் 2. வயலின் 1. விளையாட்டு 1. வீட்டு வேலை 1. கூட்டினால் 25. கீழே ஒரு வரி: “அம்மா, தினமும் ஒரு மணி நேரம் கடன் வேணும்.”

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, பாடங்களை வரிசையாக எழுதிவிட்டு அதைத் திட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று ஒரு முறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு எத்தனை மணி நேரம்தான் தேவை? தேடியபோது கிடைத்த பழைய அளவுகோல் கார்னகி அலகு. அமெரிக்காவில் 1906 வாக்கில் வந்தது. ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படித்தால் அது ஓர் அலகு. அதன் பின்னணி வேடிக்கையானது. ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஓர் அறக்கட்டளைக்குப் பணம் தந்தார். அந்த ஓய்வூதியம் வேண்டுமென்றால், பள்ளியில் 14 அலகு முடித்தவர்களைத்தான் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறக்கட்டளை நிபந்தனை வைத்தது. பேராசிரியர்களின் பென்ஷனுக்காகப் பிறந்த அளவு, இன்றும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை அளக்கிறது. இத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் இவ்வளவு தெரிந்துவிடும் என்று யாரும் சொல்லிவிட முடியாது, அது வேறு விஷயம். ஆனால் 14 அலகை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு மூன்றரைப் பாடம்தான் வருகிறது. நான் எழுதியிருந்தது ஒன்பது!

இன்னோர் ஒப்பீடும் பார்த்தேன். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுக்கான பன்னாட்டுப் படிப்பு ஐபி டிப்ளமோ, அதில் இரண்டு ஆண்டுக்கு ஆறு பாடம். உயர்நிலையில் எடுக்கும் பாடத்துக்கு 240 மணி, இயல்பு நிலைக்கு 150 மணி. பாரமான படிப்பு என்று பேர் வாங்கியதே ஆறோடு நிற்கிறது.

ஐந்தாகக் குறைத்தோம். கணிதம், ஆங்கிலம், அறிவியல், வரலாறு, ஜெர்மன். ஐந்து பாடத்துக்கு 600 மணி, 36 வாரம் என்று வைத்தால் வாரத்துக்குப் பதினாறே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளைக்கு மூன்று மணி இருபது நிமிடம். இதைக் கேட்டதும் என் கணவர், “இவ்வளவுதானா? மீதி நேரம் என்ன பண்ணுவா?” என்றார். அவள் பதில் சொல்லவில்லை, வயலினை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நடைமுறையில் முதலாண்டு எங்களுக்கு 33 வாரம்தான் கிடைத்தது. காய்ச்சல், விருந்தாளிகள், இரண்டு கல்யாணம், ஒரு முழு வாரம் யாருக்கும் எதற்கும் மனசே இல்லாமல் போனது. அடுத்த ஆண்டிலிருந்து 32 வாரத்துக்குத்தான் திட்டம் போட்டேன். மிச்சமானால் லாபம்.

அடுத்தது எந்தப் பாடம் என்ற கேள்வி. பதினாலு வயதுப் பெண்ணிடம் போய் “நீ என்னவாகப் போகிறாய்” என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. அந்த மாதம் அவள் சொன்னது கால்நடை மருத்துவம். அதற்கு முந்தைய மாதம் கட்டடக்கலை. நடுவில் இதழியலும் இருந்தது. மூன்றையும் எழுதிக்கொண்டு, அவற்றைக் கற்றுத்தரும் கல்லூரிகள் என்னென்ன பாடம் கேட்கின்றன என்று பார்த்தோம். கால்நடை மருத்துவத்துக்கு வேதியியலும் உயிரியலும். கட்டடக்கலைக்குப் பெரும்பாலும் கணிதமும் வரைபடத் தொகுப்பும். இதழியலுக்குக் குறிப்பிட்ட பாடம் எதுவும் கட்டாயமாகத் தெரியவில்லை, எழுதத் தெரிய வேண்டும். இவற்றோடு அவள் நினைத்தே பார்க்காத பொறியியல், பொருளாதாரம், கணினி அறிவியல் மூன்றையும் நானாகச் சேர்த்துப் பார்த்தேன். மூன்றுக்கும் கணிதம் வேண்டியிருந்தது. கணினி அறிவியலுக்குப் பல இடங்களில் பள்ளியில் கணினி படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கணிதத்தைத்தான் கேட்கிறார்கள்.

அதிலிருந்து ஒரு பாகுபாடு செய்துகொண்டேன். விட்டால் திரும்பிப் பிடிப்பது கஷ்டம் என்கிற பாடங்கள் ஒரு பக்கம். எப்போது வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பாடங்கள் இன்னொரு பக்கம். வரலாற்றை இருபது வயதில் நல்ல புத்தகங்களோடு தொடங்கினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கணிதம் அப்படி இல்லை. இயற்கணிதம் இல்லாமல் சார்புகள் இல்லை, சார்புகளும் முக்கோணவியலும் இல்லாமல் நுண்கணிதம் இல்லை. பன்னிரண்டாம் ஆண்டில் நுண்கணிதம் வேண்டும் என்றால் ஒன்பதாம் ஆண்டிலேயே இயற்கணிதம் கைக்குள் வந்திருக்க வேண்டும். அதனால் கணிதம் நான்கு ஆண்டும், வேதியியல் கடைசி வரை என்று முதலில் எழுதினோம். மற்றவை மீதி இடத்தில்.

எழுதிவிட்டு முதல் பாடத்தைத் தொடங்கினால், அவளுக்குப் பின்னம் தகராறு. எண்ணாக இருந்தால் அரையும் மூன்றில் ஒன்றும் சரியாகக் கூட்டுவாள். அதே இடத்தில் எழுத்து வந்தால் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி வைப்பாள். எட்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்தான். ஒன்பதாம் ஆண்டின் முதல் மூன்று மாதம் நாங்கள் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தைத் தொடவே இல்லை, ஆறாம் வகுப்புப் பின்னத்திலேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கு உள்ளுக்குள் உதறல். ஆனால் அந்த மூன்று மாதம்தான் அடுத்த மூன்று ஆண்டையும் தாங்கியது. இப்போது யாராவது ஒன்பதாம் வகுப்புக்குத் திட்டம் போட யோசனை கேட்டால், எட்டாம் வகுப்பு வரை படித்ததில் எது ஆட்டம் காண்கிறது என்று ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

பாடங்களுக்கு உள்ளே வரிசை உண்டு என்பது இப்படிப் புரிந்தது. பாடங்களுக்கு நடுவிலும் வரிசை உண்டு என்பது எனக்குப் புரிய இன்னும் இரண்டு ஆண்டு ஆனது.

பதினோராம் ஆண்டின் கடைசி. வேதியியலில் அமிலம், காரம். பி.எச். (எவ்வளவு அமிலத்தன்மை என்று காட்டும் எண்) மதிப்பு 7 உள்ள நீர் ஒரு குவளையில், 4 உள்ள அமிலக் கரைசல் இன்னொரு குவளையில். “இதில் ஹைட்ரஜன் அயனி எத்தனை மடங்கு அதிகம்?” என்று கேட்டேன். யோசிக்காமல் “மூணு” என்றாள். ஆயிரம் மடங்கு. பி.எச். என்பது மடக்கை அளவு, அதாவது லாகரிதம், ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு என்று விளக்கினேன். தலையாட்டினாள். அடுத்த கணக்கில் செறிவைக் கொடுத்து பி.எச். கேட்டிருந்தது. கால்குலேட்டரில் லாக் பொத்தானை அழுத்தி விடையை எழுதினாள். “இந்தப் பொத்தான் என்ன பண்ணுது?” என்று கேட்டேன். “தெரியாது. நீதானே அழுத்தச் சொன்ன.”

உண்மைதான், நான்தான் சொன்னேன். மடக்கையை அவளுடைய கணிதத் திட்டத்தில் நான்கு மாதம் தள்ளி வைத்திருந்ததும் நானேதான். வேதியியலை ஒரு புத்தகத்தின் அத்தியாய வரிசைப்படி போட்டேன், கணிதத்தை இன்னொரு புத்தகத்தின் வரிசைப்படி போட்டேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவே இல்லை. அன்று வேதியியலை மூடி வைத்துவிட்டு, இரண்டு வாரம் மடக்கை மட்டும் படித்தோம். திரும்பி வந்தபோது அதே அத்தியாயம் நான்கு நாளில் முடிந்தது. அவளே ஒரு தாளில் 1, 10, 100, 1000 என்று சம இடைவெளியில் குறித்து, கீழே 0, 1, 2, 3 எழுதி, “இதைத்தானே அந்தப் பொத்தான் பண்ணுது?” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாம் ஆண்டின் எல்லாப் பாடங்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதினோம், ஒரு தலைப்புக்கு ஒரு சீட்டு. சீட்டின் பின்னால், இதைத் தொடங்குமுன் வேறு எந்தப் பாடத்திலிருந்து எது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினோம். அப்புறம் கூடத்துத் தரையில் பரப்பினோம். எங்கெங்கே முட்டுகிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. உயிரியலில் மரபியல் கணக்குகளுக்கு நிகழ்தகவும் கை வர்க்கச் சோதனையும் (chi-square, ஒரு வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் முறை) வேண்டும். நாங்கள் புள்ளியியலை ஆண்டின் கடைசியில் தள்ளியிருந்தோம். வினை வேகத்துக்கு அடுக்குக்குறிச் சார்புகள் வேண்டும், அதுவும் பின்னால்தான் கிடந்தது. சீட்டுகளை நகர்த்தி நகர்த்தி வைத்ததில் மத்தியானம் போய்விட்டது. பூனை நடுவில் வந்து படுத்துக்கொண்டதால் கரிம வேதியியல் மட்டும் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

இது வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பள்ளியிலும் இயற்பியல் ஆசிரியர் திசைவேகத்துக்கு வகையிடலைக் கேட்கும்போது, கணித ஆசிரியர் அந்த அத்தியாயத்துக்கு வந்தே இருக்கமாட்டார். எறிபொருள் இயக்கத்தில் சைன், கொசைன் தடுமாறும். மோல் கணக்கில் திணறும் பிள்ளைகளில் பலருக்கு விகிதம்தான் தகராறு, வேதியியல் நன்றாகவே புரிந்திருக்கும். பள்ளியின் வரிசையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விடுமுறையில் பத்து நாள் முன்கூட்டியே அந்தத் துண்டை மட்டும் படித்துக்கொள்ள முடியும்.

மொழியில் வேறு மாதிரி தவறு செய்தேன். பத்தாம் ஆண்டில் தேர்வு நெருக்கடி என்று ஜெர்மனைப் பத்து மாதம் நிறுத்தினோம். ஓராண்டுக்கு மேல் படித்ததாயிற்றே, எங்கே போய்விடும் என்று நினைத்தேன். திரும்ப எடுத்தபோது பெயர்ச்சொற்கள் ஓரளவு நினைவிருந்தன, வினைச்சொற்கள் அநேகமாகக் காணோம். ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதலில் மளமளவென்று விழுந்து பிறகு மெதுவாகும் என்று அவர் காட்டியதை நான் படித்திருந்தேன். படித்தும் நிறுத்தினேன். இப்போது என் கணக்கு இதுதான்: ஒரு பாடத்தை விடுவதென்றால் முழுதாக விடலாம். விடாமல் ஒத்தி வைப்பதென்றால் தினமும் பதினைந்து நிமிடமாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிய அடி வாங்கியது தேர்வுப் பதிவில். நாங்கள் தேர்ந்தெடுத்தது கேம்பிரிட்ஜ் தேர்வுகள், தனித் தேர்வராக. பத்தாம் ஆண்டில் ஐஜிசிஎஸ்இ (அவர்களுடைய பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) சுலபமாகக் கடந்துவிட்டது, ஏனென்றால் அதன் அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுதும் தாள் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் வரும் ஏ லெவலில் அந்த மாற்றுத் தாள் கிடையாது. ஆய்வகத்தில் நின்று செய்துதான் ஆக வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஜூன் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் தேர்வு மையத்துக்குப் போன் செய்தேன். பதிவு முடிந்துவிட்டது என்றார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆய்வகத்தில் இடமும் இல்லை என்றார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இன்னும் இரண்டு மையங்களில் கேட்டேன், அதே பதில்.

கணிதத்துக்கு மட்டும் முன்பே பதிந்திருந்தோம். வேதியியலும் உயிரியலும் அக்டோபர்–நவம்பர் தேர்வுக்குத் தள்ளிப்போயின. அதாவது கல்லூரி விண்ணப்பங்கள் எழுத வேண்டிய அதே வாரங்களுக்கு. அவள் ஒரு கையில் அமில–காரத் தரம்பார்த்தலும் மறு கையில் விண்ணப்பக் கட்டுரையுமாக நின்ற அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்னும் எனக்குக் குற்ற உணர்வுதான். பாடத்திட்டம் எல்லாம் அப்புறம். முதலில் தேர்வு எந்த மாதம், பதிவு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, செய்முறைக்கு இடம் கொடுக்கும் மையம் எது, இந்த மூன்றையும் காலண்டரில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஓராண்டுக்கு முன்பே மையத்திடம் பேசிவிட வேண்டும்.

விண்ணப்பம் என்றதும் இன்னொன்று. ஒரு கல்லூரி, ஒன்பதாம் ஆண்டிலிருந்து படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பத்தி விவரம் கேட்டது. என்ன புத்தகம், எத்தனை மணி நேரம், எப்படி மதிப்பிட்டீர்கள். பதினொன்றும் பன்னிரண்டும் கோப்பில் இருந்தன. ஒன்பதாம் ஆண்டு முழுக்க என் தலைக்குள் இருந்தது, அதாவது இல்லை. மூன்று இரவு பழைய நோட்டுகளைப் புரட்டி, நூலக ரசீதுகளைத் தேடி ஒட்டுப்போட்டேன். மாதக் கடைசியில் அரை மணி நேரம் உட்கார்ந்து, முடித்த தலைப்புகள், புத்தகங்கள், மணி நேரம், அவள் எழுதியதில் ஒரு நல்ல மாதிரி, ஒரு மோசமான மாதிரி என்று கோப்பில் போட்டிருந்தால் போதும். மோசமானது எதற்கு என்றால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அதுதான் தெம்பு கொடுக்கும். அவளுக்கு இல்லாவிட்டாலும் எனக்கு.

ஐபியிலிருந்து ஒன்றைத் திருடினேன். அங்கே மாணவர்கள் தாங்களே தேர்ந்த தலைப்பில் 4000 சொற்களுக்குள் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். பதினோராம் ஆண்டு விடுமுறையில் நீயும் ஒன்று எழுது என்றேன், மதிப்பெண் கிடையாது, தலைப்பு உன் இஷ்டம். மொட்டை மாடிக்கு வரும் பறவைகளை எண்ணப்போகிறேன் என்றாள். கால்நடை மருத்துவ ஆசையின் மிச்சம் அது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், ஏழு வாரம். காலையில்தான் அதிகம் வருகின்றன என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் மாட்டிக்கொண்டாள். உயிரியலுக்காகச் சீட்டில் முன்னால் நகர்த்தி வைத்த அந்தக் கை வர்க்கச் சோதனையை, பாடத்தில் வருவதற்கு முன்பே தானாகத் தேடிப் படித்தாள். கட்டுரையில் பறவைகள் பாதிதான் இருந்தன. மீதிப் பாதி, ஏழு வாரம் எண்ணினால் போதுமா என்கிற விவாதம்.

இப்போது அவள் படிப்பது புள்ளியியல். நாங்கள் முதலில் எழுதிய மூன்று படிப்புகளிலும் இல்லை, நானாகச் சேர்த்த மூன்றிலும் இல்லை. கணிதம் கையில் இருந்ததால் போக முடிந்தது.

போன மாதம் மகனுக்கு ஒன்பதாம் ஆண்டு தொடங்கியது. சுவரில் ஒரு சார்ட் இருக்கிறது, முதலாண்டுக் கட்டம் மட்டும் பென்சிலால் நிரம்பியிருக்கிறது. மற்ற மூன்று கட்டத்திலும் கணிதம் என்ற ஒரு சொல்லும், தேர்வுப் பதிவு மாதங்களும்தான். நிறப் பென்சில் இல்லை. அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “எல்லாம் சரி. லாக் எந்த மாசம்னு முதல்ல அவன்கிட்ட சொல்லிடு. அப்புறம் அந்த 25 மணி நேர சார்ட்டைத் தூக்கிப் போட்டுடாத, எனக்கு வேணும்.”